அம்மை என்று நினைத்த தடிப்பு: மஜ்ஜை மாற்றுக்குப் பின் ஒரு குடும்பம், ஒரு வார்டு, 51 நாள்கள்

மஜ்ஜை மாற்று வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாற்று முடிந்து வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கும், மாற்றில் வந்த அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற சிக்கலைப் பற்றி இதை எழுதுகிறேன். நோயாளி, குடும்பம், மருத்துவமனை எதன் பெயரும் இங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயாளியும் அவருடைய அக்காவும் எழுதச் சம்மதித்தார்கள். பிழை நேர்ந்த இடங்களில் பெரும்பாலும் எங்கள் கைதான் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் யாருக்கும் பயன்படாது.

## பின்னணி

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம், லுங்கி நெய்யும் குடும்பம். இளைய மகனுக்கு 31 வயது, காலணித் தொழிற்சாலையில் வேலை. விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று வந்தவருக்கு அக்யூட் மைலாய்டு லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோயின் வேகமான வகை, என்று தெரிந்தது. இரண்டு சுற்று கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் குரோமோசோம் பரிசோதனை முடிவைப் பார்த்தால் கீமோ மட்டும் போதாது, திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று தோன்றியது. நோய் அடங்கியிருக்கும்போதே மஜ்ஜை மாற்று செய்வது என்று முடிவானது.

உடன்பிறந்தவர் ஒருவருடைய எச்.எல்.ஏ., அதாவது செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள், முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். அண்ணனுக்குப் பாதிப் பொருத்தம், அக்காவுக்கு முழுப் பொருத்தம். அக்காவுக்கு 36 வயது, ஆற்காடு பக்கம் வாழ்க்கைப்பட்டவர், இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாய்.

அந்தக் கடைசித் தகவலுக்கு இந்த நிகழ்வில் ஓர் இடம் உண்டு. எச்.எல்.ஏ. பொருந்தினால் எல்லாம் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஆண் உடலின் செல்களில் ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்கள் இருக்கின்றன. பெண்ணின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அவை அன்னியம். ஆண் குழந்தையைச் சுமந்த தாயின் டி செல்கள் அவற்றை ஏற்கெனவே ஒருமுறை பார்த்து நினைவில் வைத்திருக்கவும் கூடும். பிள்ளை பெற்ற பெண் ஓர் ஆணுக்குக் கொடையாளியாகும்போது சிக்கல் கூடுதல் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அண்ணனிடம் பாதிப் பொருத்தத்தில் எடுத்து, செல்களை ஏற்றிய பின் 3, 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து கொடுக்கும் வழியும் இருந்தது. இரண்டையும் எடைபோட்டு அக்காவையே தேர்ந்தோம். அந்தத் தேர்வு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஊசி போட்டு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை, ரத்தத்துக்கு வரவைத்து, இயந்திரம் வழியாகப் பிரித்தெடுத்தோம். இந்த முறையில் கொடையாளிக்கு மயக்க மருந்து வேண்டியதில்லை, புது மஜ்ஜையும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுக்கும் மஜ்ஜையைவிட இதில் டி செல்கள் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம்.

## முதல் 33 நாள்கள்

செல்களை ஏற்றிய நாள்தான் நாள் 0. அது ஏப்ரல் இரண்டாம் வாரம். டி செல்களைக் கட்டுக்குள் வைக்க சைக்ளோஸ்போரின் தினமும், மெதோட்ரெக்ஸேட் 1, 3, 6, 11ஆம் நாள்களில் என்பது திட்டம். பத்தாம் நாள் அவர் வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மெதோட்ரெக்ஸேட் புண்ணை இன்னும் மோசமாக்கும் என்பதால் 11ஆம் நாள் ஊசியை விட்டுவிட்டோம். நடுவில் காய்ச்சல், ஒன்பது நாள் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக். 15ஆம் நாள் வெள்ளணுக்கள் ஏறின, 25ஆம் நாள் வார்டிலிருந்து அனுப்பினோம். ஊருக்குப் போக வேண்டாம், வேலூரிலேயே வாடகை அறையில் தங்கி வாரம் இரண்டு முறை வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். அம்மா சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அனுப்பும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உடம்புல எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கம்மியா இருக்கு, கூட்டத்துக்குப் போகக் கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. இந்த சைக்ளோஸ்போரின் எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை, காலையும் ராத்திரியும் தவறாம போடணும்."

மருத்துவமாகப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் சரி. கேட்கிறவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்? பையனுக்குச் சக்தி கம்மி என்கிறார்கள், அதே மூச்சில் அந்தச் சக்தியை அடக்கவும் மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த முரண்பாடு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

## 34 முதல் 43 வரை

34ஆம் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. திருவிழா முடிந்து தாய்மாமன் அறைக்கு வந்தார். குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாத்திரை அட்டையைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். நாங்கள் சொன்னதை அம்மா அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார். "ஏற்கனவே சக்தி இல்லாத புள்ளைக்கு அதைக் கொறைக்கிற மாத்திரையா? ராத்திரி மாத்திரையை நிறுத்து, காலைல மட்டும் குடு" என்றிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான். அன்றிரவிலிருந்து பாதி அளவு.

38ஆம் நாள் காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு 74. நாங்கள் எதிர்பார்த்தது 200க்கு மேல். முடிவு மாலையில் வந்தது. போனில் கூப்பிட்டு, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டோம். "போடுறோம் மேடம்." அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் வர முடியாது. குடல் சரியாக உறிஞ்சவில்லை போலிருக்கிறது என்று நாங்களே காரணம் கற்பித்து, அளவைக் கூட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டோம். இந்த நிகழ்வில் நான் அதிகம் வருந்துவது அந்த மாலையை நினைத்துத்தான்.

41ஆம் நாள், அக்னி நட்சத்திரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகிறது, காதுக்குப் பின்னால் அரிப்பு. மார்பிலும் முதுகிலும் தடிப்பு. மாநிறத் தோலில் அது பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாய்த் திட்டுத்திட்டாக இருக்கும். அம்மா பார்த்ததும் சொன்னது, "அம்மை வார்த்திருக்கு."

கோடையில் உடம்பெல்லாம் தடிப்பு என்றால் எந்த வீட்டிலும் முதலில் வரும் நினைப்பு அதுதான். மாற்று முடிந்தவர்களுக்கு அம்மை வைரஸ் வருவதும் உண்டு, அதைத் தடுக்கத்தான் அசைக்ளோவிர் கொடுக்கிறோம். ஆக, அந்த அம்மா நினைத்தது பிசகான நினைப்பில்லை. ஆனால் அம்மை என்று முடிவானதும் வீட்டு வழக்கம் தொடங்கிவிட்டது. படுக்கையில் வேப்பிலை, இளநீர், கூழ், படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல். அம்மன் வந்திருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாது என்பதால் இரண்டு நாள் ஒரு மாத்திரையும் இல்லை.

43ஆம் நாள் அக்காவின் கணவர் பார்க்க வந்தபோது, காலையிலிருந்து பதினோரு முறை பேதி, எழுந்தால் தலைசுற்றல். அவர்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தார்.

## வார்டில் பார்த்தது

தோலில் ஏறத்தாழ 40 சதவீதம் தடிப்பு, நீர்க்கொப்புளம் ஒன்றுகூட இல்லை. அம்மையில் கொப்புளங்கள் பல பருவங்களில் கலந்திருக்கும். பச்சையாகத் தண்ணீர்போல் மலம், 24 மணி நேரத்தில் 1,400 மில்லி. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் 2.4. தோல், குடல், கல்லீரல் மூன்றும் சேர்ந்து, நான்கு நிலை கொண்ட அளவுகோலில் மூன்றாம் நிலை ஜி.வி.எச்.டி. என்று கணக்கு வந்தது. கொடையாளியின் நோய் எதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

மாத்திரை நின்றுபோனது எங்களுக்கு அதுவரை தெரியாது. தெரிய வைத்தவர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரரான மூத்த செவிலியர். அம்மாவின் முடிச்சில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "அம்மை வார்த்தா எங்க வீட்லயும் மாத்திரை நிறுத்திடுவாங்க. நீங்க எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?" அம்மா உடனே சொல்லிவிட்டார். ராத்திரி மாத்திரை நின்ற கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. மருத்துவர்கள் மூன்று பேர் கேட்டு வராத பதில் அது.

## உடலுக்குள் நடந்தது

சிறுநீரக மாற்று பற்றி எல்லாருக்கும் ஓரளவு தெரியும், புதிய உறுப்பை உடல் ஏற்காமல் போகலாம். அதனால் இங்கேயும் "உடம்பு மஜ்ஜையை ஏத்துக்கல" என்றே குடும்பங்கள் புரிந்துகொள்கின்றன. நடப்பது நேர் எதிர். வந்த மஜ்ஜையின் அணுக்கள்தான் இருக்கும் உடம்பை ஏற்க மறுக்கின்றன.

அக்காவின் ரத்தத்தோடு வந்தவை ஸ்டெம் செல்கள் மட்டுமல்ல. 36 வருடம் அவர் உடலில் வளர்ந்து, அவர் கண்ட கிருமிகளையெல்லாம் கண்டு பழகிய முதிர்ந்த டி செல்களும் கூடவே வந்தன. சிறுவயதில் தைமஸ் சுரப்பியில் அவை கற்ற பாடம், அக்காவின் உடல் நம்முடையது, மற்றது அன்னியம் என்பது. தம்பியின் உடலில் இறங்கியதும் திரும்பிய பக்கமெல்லாம் சற்றே வேறுபட்ட புரதங்கள்.

ஆனால் டி செல் தானாகக் கிளம்பித் தாக்குவதில்லை. யாராவது அதற்கு எடுத்துக் காட்ட வேண்டும். டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற காவல் அணுக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோ நோயாளியின் பழைய ரத்த அணுக்களை அழித்தாலும், தோலிலும் குடலிலும் அவருடைய காவல் அணுக்கள் கொஞ்ச காலம் மிஞ்சியிருக்கும். அதே கீமோ குடல் சுவரையும் புண்ணாக்கிவிடுவதால் கிருமிகளின் பொருள்கள் கசிகின்றன. அதைக் கண்டு மிஞ்சியிருக்கும் காவல் அணுக்கள் விழித்தெழுந்து, தம்பியின் புரதங்களை அக்காவின் டி செல்களிடம் காட்டுகின்றன. தம்பியின் பழைய காவலாளியே அவரைக் காட்டிக்கொடுக்கிறான் என்று குடும்பத்துக்கு விளக்கினேன், அது புரிந்தது. கொடையாளியின் டி செல் போரைத் தொடங்க, நோயாளியின் இந்த அணுக்கள் எவ்வளவு முக்கியம் என்பதை 1999இல் எலிகளில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞையைச் சுரந்து பெருகி, தோல், குடல், கல்லீரல் என்ற மூன்றிடத்துக்குப் போகின்றன. அந்தச் சமிக்ஞை உண்டாவதைத் தடுப்பதுதான் சைக்ளோஸ்போரினின் வேலை. இரவு மாத்திரை நின்றதும் பிரேக் பாதி விட்டது, இரண்டு நாள் முழுக்க நின்றதும் கட்டுப்பாடே இல்லை. விட்டுப்போன மெதோட்ரெக்ஸேட் ஊசியும், குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்களைச் சேர்த்தழிக்கும் மெரோபெனமும் முன்பே நிலத்தை உழுது வைத்திருந்தன என்பது என் கணிப்பு. மாத்திரை மட்டுமே காரணம் என்று குடும்பத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை, அது உண்மையுமில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் ஜி.வி.எச்.டி. வருகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்களைத் தேடிக் கொல்வதும் அதே டி செல்கள்தான். மஜ்ஜை மாற்று லுக்கீமியாவைக் குணமாக்குவதற்கு அது ஒரு பெரிய காரணம். அவற்றை ஒரேயடியாக அழித்தால் குடல் தப்பும், நோய் திரும்பும். அடுத்து எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்தப் பயம் கூடவே இருந்தது.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, பயாப்ஸி (திசுத் துணுக்குப் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருப்பதா? பேதிக்கு சி.எம்.வி. வைரஸும் காரணமாக இருக்கலாம், வேறு கிருமிகளாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கேடு. ஆனாலும் கையும் காலும் காதும் குடலும் கல்லீரலும் சேர்ந்து ஒரே நோயைத்தான் காட்டின. சேர்த்த மூன்று மணி நேரத்தில் மெத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் தொடங்கினோம். மறுநாள் காலை பிளேட்லெட் ஏற்றிக் குடல் பயாப்ஸி எடுத்தோம். குடல் சுரப்பிகளின் அடியில் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்திருந்தன, சில சுரப்பிகளே காணாமல் போயிருந்தன. சி.எம்.வி. இல்லை.

ஏற்றிய ரத்தமும் பிளேட்லெட்டும் எல்லாமே 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தவை. சாதாரண ரத்தப் பையிலும் கொடுத்தவரின் டி செல்கள் உயிரோடு இருக்கும். மூன்றாவது ஆளின் டி செல்களும் உள்ளே போய்ப் பெருகக் கூடாது. ஆலையில் கூட வேலை செய்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் ரத்தம் கொடுக்க வரிசையாக வந்தார்கள்.

ஸ்டீராய்டு தொடங்கி ஐந்தாம் நாள் தோல் தெளிந்தது, குடல் தெளியவில்லை. மலம் 1,900 மில்லி, ரத்தம் கலந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜி.வி.எச்.டி. என்று மனதை ஒப்புக்கொள்ளச் செய்ய எங்களுக்கு இன்னும் ஒரு நாள் பிடித்தது. ஸ்டீராய்டைக் கூட்டுவதில் பயனில்லை, தொற்றுதான் கூடும்.

49ஆம் நாள் ரக்ஸோலிடினிப் தொடங்கினோம். டி செல்லும் காவல் அணுவும் ஒன்றோடொன்று பேசும் சமிக்ஞைகள் பலவும் செல்லுக்குள் ஜேக் என்ற நொதிகள் வழியாகத்தான் போகின்றன. இந்த மருந்து அந்த வழியை அடைக்கிறது. ஸ்டீராய்டுக்கு அடங்காத நிலைக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்றது. டி செல்களை மொத்தமாக அழிப்பதில்லை என்பதுதான் எங்களை அதன் பக்கம் சாய்த்தது. பூஞ்சைத் தடுப்பு மருந்தும் சேர்ந்து போனதால், வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் காலை, மாலை. மாதச் செலவைச் சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தாய்மாமன் எழுந்து, தன் நிலத்தை அடமானம் வைப்பதாகச் சொன்னார். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அவர் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் வர விடக்கூடாது என்று வார்டில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன்.

## அக்கா

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா என்னைத் தனியாகப் பார்த்தார். "என் ரத்தந்தான் என் தம்பியை இப்படி அரிக்குதா மேடம்? நான் குடுக்காமலே இருந்திருக்கணுமா?"

கொடையாளியை மாற்று நாளோடு நாங்கள் மறந்துவிடுகிறோம். "தாக்குகிறது" என்ற சொல்லை அவர் காதுபடவே எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று அப்போதுதான் உறைத்தது. உங்கள் அணுக்கள் வந்திராவிட்டால் இந்நேரம் புற்று திரும்பியிருக்கலாம், தெரியாத வீட்டில் அவை இருட்டில் தடுமாறுகின்றன, பழகக் கொஞ்ச நாள் வேண்டும் என்று சொன்னேன். முழுச் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்து தம்பிக்கு அவரே ஊட்டினார்.

## தொடர்ந்தவை

50ஆம் நாள் மலம் 2,100 மில்லி, அதுதான் உச்சம். ரக்ஸோலிடினிப் தொடங்கி பத்தாம் நாள் 1,100, பதினாறாம் நாள் 600. அரிசிக் கஞ்சியிலிருந்து இட்லிக்கு வந்தார்.

61ஆம் நாள் ரத்தத்தில் சி.எம்.வி. தெரிந்தது. டி செல்களை அடக்கியதற்கான விலை அது. அந்த வைரஸைக் காவல் காப்பதும் அவைதான். குடல் உறிஞ்சாது என்பதால் மாத்திரையைத் தவிர்த்து கான்சிக்ளோவிரை ஊசியாகவே கொடுத்தோம். வெள்ளணுக்கள் சரிந்தன, ரக்ஸோலிடினிப்பைக் குறைத்து, வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டுச் சமாளித்தோம். மூன்று வாரத்தில் வைரஸ் போனது. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியது, தொடைச் சதை கரைந்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. 94ஆம் நாள் வார்டை விட்டுப் போகும்போது எடை 45 கிலோ. சேர்க்கும்போது 58.

ஸ்டீராய்டை ஐந்தாம் மாதம் நிறுத்தினோம். எட்டாம் மாதம் வாயில் வெள்ளைக் கோடுகளும் வறட்சியும் வந்தன, நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யின் லேசான வடிவம். மிளகாய்க் காரம் இன்றும் ஆகாது. இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன, லுக்கீமியா திரும்பவில்லை. அவர் ரத்தத்தின் வெள்ளணுக்களை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அக்காவின் எக்ஸ் எக்ஸ் குரோமோசோம்கள். தோல் பதனிடும் வாடையும் தூசியும் வேண்டாம் என்பதால் பழைய வேலைக்குப் போகவில்லை, வீட்டுத் தறிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார்.

## எதை மாற்றினோம், எதை மாற்றுவோம்

"எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை" என்று இப்போது சொல்வதில்லை. "கொடுத்தவங்க அணுக்கள் புது வீட்டுக்கு வந்திருக்கு. பழகுற வரைக்கும் இந்த மாத்திரைதான் அதுங்களுக்குக் கடிவாளம். நிறுத்துனா தோலையும் குடலையும் கடிக்கும்" என்கிறோம். கிருமிப் பயத்தைப் பற்றி வேறொரு நாளில், தனியாகப் பேசுகிறோம்.

வீட்டில் கடைசிச் சொல் யாருடையது என்று முதலிலேயே கேட்டு, அவரையும் ஒருநாள் வரவழைக்கிறோம். அந்தத் தாய்மாமனை 25ஆம் நாளுக்கு முன் பார்த்திருந்தால் அவர்தான் எங்களுக்கு மிகப் பெரிய துணையாக இருந்திருப்பார்.

மருந்து அளவு குறைந்து வந்தால் போனோடு விடுவதில்லை, மறுநாளே நேரில். கேள்வியும் மாறிவிட்டது. "போடுறீங்களா" என்பதற்குப் பதில், "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு" என்று செவிலியர் கேட்கிறார். அம்மை, காய்ச்சல், விரதம் என்று எதற்காக மாத்திரையை நிறுத்துவீர்கள் என்பதையும் வெளிப்படையாகக் கேட்கிறோம். வேப்பிலையும் வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், ஆனால் அம்மை மாதிரித் தெரிந்த அன்றே எங்களுக்குக் காட்டிவிடுங்கள் என்கிறோம். யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

முழுப் பொருத்தம் உள்ள மாற்றுகளிலும் 3, 4ஆம் நாள் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. செல்களை ஏற்றியதும் கோபங்கொண்டு முதலில் பெருகத் தொடங்கும் டி செல்களை அது கொன்று, அமைதியாக இருப்பவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பிள்ளை பெற்ற அக்காவிடமிருந்து தம்பிக்கு என்று இன்று ஒருவர் வந்தால், அந்த வழியைத்தான் நான் முதலில் பேசுவேன். கொடையாளியை 30, 60, 100ஆம் நாள்களில் கூப்பிட்டுப் பேசுவதையும் தொடங்கியிருக்கிறோம்.

கடைசியாகப் படங்கள். ஜி.வி.எச்.டி. தடிப்பு என்று கையேடுகளில் வருபவை பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்மூர்த் தோலில் அது எப்படித் தெரியும் என்று உள்ளங்கை, உள்ளங்கால், காதின் பின்புறம் ஆகியவற்றை நோயாளிகளின் சம்மதத்தோடு படம் எடுத்து, வீட்டுக்குப் போகும் குடும்பத்திடம் அச்சிட்டுக் கொடுக்கிறோம். முதல் பக்கத்தில் இருப்பது இவருடைய உள்ளங்கை. 43ஆம் நாள், வார்டுக்கு வந்த மதியம் எடுத்தது.